பூட்டில்லாத சைக்கிள்

எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் ஓரத்தில் இரண்டு பச்சை டிக் விழ வேண்டும். வெவ்வேறு இரண்டு இடத்திலிருந்து, இடத்துக்கு ஒன்றாக, இரண்டு ஆதாரம். ஒன்றுதான் கிடைத்தது என்றால் அந்த வரி போக வேண்டியதுதான். பதினெட்டு வருடமாகப் பச்சைப் பேனா என் கையில் இருக்கிறது. எத்தனையோ மன்னர்களின் யானைப் படையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

இந்த முறை வந்தது ஆரம்பகால வீடியோ கேம் மெஷின்களின் வரலாறு. எழுதியவர் ஒரு பல் டாக்டர், பள்ளிக்கூட நாளிலிருந்து என் அண்ணனின் கூட்டாளி. எழுதியதில் ஒரு கமாவைத் தொட்டாலும் முகம் இறுகிவிடும் என்பதால் ஆபீசில் அவருக்குக் கல்வெட்டு என்று பெயர். முதல் நான்கு அத்தியாயத்தில் கறுப்பு வெள்ளைத் திரைக்கு நிறம் கொடுத்திருந்தார். அது கண்ணாடிமேல் ஒட்டிய வண்ணத் தாள். திருத்தினேன். முகம் இறுகியது.

ஐந்தாம் அத்தியாயம் என் அண்ணன். எங்கள் ஊர் வீடியோ கேம் கடையில், வேற்றுக்கிரகவாசிகளைச் சுடும் விளையாட்டில், பதினாறு வயதில், அவன் எடுத்த பாயிண்டை ஆறு மாதம் யாராலும் தொட முடியவில்லையாம். அவன் பெயரின் மூன்று எழுத்துகள் திரையின் உச்சியில் ஆறு மாதமும் நின்றனவாம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் அவன் பரிமாறும் கதைதான். வெளியீட்டு விழாவில் அவனுக்கு மேடையில் நாற்காலி.

மெஷினின் கையேட்டை வரவழைத்துப் படித்தேன். பெயர் போட அதில் வசதியே இல்லை. சுவிட்சை அணைத்தால் பாயிண்டும் அழிந்துவிடும். கடைக்காரர் தினமும் அணைத்துவிட்டுத்தானே பூட்டியிருப்பார்?

அடிக்குறிப்பைப் பார்த்தேன். ‘இதை நேரில் கண்ட சாட்சி: அவரது தங்கை.’

அதாவது நான்.

சிக்கல் என்னவென்றால், எனக்கு ஞாபகம் இருந்தது. இருட்டு அறை, நீல வெளிச்சம், உச்சியில் வெள்ளையாக மூன்று எழுத்து. அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்திருக்கிறேன். பார்த்ததையும் கேட்டதையும் மனசு ஒரே டப்பாவில்தான் போட்டு வைக்கிறது. சீட்டு ஒட்டுவதில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, அந்த மெஷின்ல பேரே போட முடியாதாம்.”

“யார் சொன்னது?”

“அதைச் செஞ்சவங்க.”

“செஞ்சவங்களுக்கு என்ன தெரியும்? விளையாடினவன் நான்.”

“கடையை மூடும்போது அணைச்சா எல்லாம் அழிஞ்சிடுமாம்.”

“எனக்காக அணைக்காம வச்சிருந்தாங்க.”

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “ஓஹோ! இந்த மனுஷன் ஃபேனை அணைக்காம வெளியே போறது அங்கே பழகினதுதானா?”

“நீ சும்மா இரு,” என்று அவளை அதட்டிவிட்டு என்னிடம் குழைந்தான். “கோட்டு தைச்சாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. கடைசி நேரத்துல கழுத்தறுக்காதே. நீதானே சாட்சி? ஒரு டிக் போட்டுத் தொலையேன்.”

“நான் பார்த்தேன்தான். வெள்ளை எழுத்து. இடது பக்கம்தானே இருந்தது?”

“அது உனக்கு எப்படித் தெரியும்? நீ எங்கே உள்ளே வந்தே? பொம்பளைப் பிள்ளைங்களைக் கடைக்காரன் உள்ளேயே விடமாட்டானே. நீ வெளியில சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. பூட்டைத்தான் தொலைச்சுட்டேனே!”

தான் சொன்னது என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. “அடப்பாவி மனுஷா,” என்றாள்.

போனை வைத்தேன். உள்ளங்கையில் ஹேண்டில்பாரின் சூடு திரும்பி வந்தது. ஒன்பது வயது எனக்கு. உள்ளே வெடிச் சத்தம், சிரிப்பு. திரும்பும் வழியெல்லாம் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டே கதை சொல்வான். கேரியரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வருவேன். நான் பார்த்த திரை அவன் முதுகுதான். பார்க்காததற்கு இத்தனை வருடம் சாட்சி சொல்லியிருக்கிறேன். நின்ற நிற்பு மறந்துவிட்டது.

மறுநாள் கல்வெட்டு வந்தார். ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டியதும் நெஞ்சில் கை வைத்தார்.

“என்ன தங்கச்சி, சொந்த அண்ணனையே வெட்டிட்டீங்க?”

“சாட்சியைத்தான் வெட்டினேன் சார். அவ உள்ளேயே போகலை. நீங்களும் அங்கதானே இருந்தீங்க, எழுத்தைப் பார்த்தீங்களா?”

“நான் பக்கத்து மெஷின்ல தோத்துக்கிட்டு இருந்தேன். அவன் சொன்னான், நம்பினேன்.” பிறகு, ஓரத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்தார். ‘அவர் விளையாடிய நாளெல்லாம், பூட்டில்லாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதுத் தங்கை வாசலில் நின்றாள்.’

“இதுக்கு மட்டும் ஆதாரம் இருக்கோ?”

“ஒண்ணு அண்ணனே சொன்னது. அதுக்கு ஒரு டிக் போட்டுட்டேன். என் ஞாபகத்தை இனிமே நான் நம்பறதா இல்லை. இன்னொண்ணு கிடைக்கலைன்னா இதுவும் போயிடும்.”

“ஏன் போகணும்?” என்று கோபத்தில் மேசையைத் தட்டினார். “நான் பார்த்திருக்கேனே! என் சைக்கிளையும் சேர்த்துத்தானே நீ பிடிச்சுக்கிட்டு நின்னே!”

இரண்டாவது டிக்கைப் போட்டேன். ‘சைக்கிளை’ என்பதை அடித்து ‘இரண்டு சைக்கிள்களை’ என்று திருத்தினேன்.