இடது கை தூக்கியவர்கள்

இன்றைக்கு ரோஜாவுக்குக் காய்ச்சல் வந்திருக்கக் கூடாதா. பெரிதாக வேண்டாம். பள்ளிக்கூடம் போகாதே என்று அவள் அம்மா சொல்கிற அளவுக்கு லேசாக வந்தால் போதும்.

நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்பது நளினிக்கு உறைத்தது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"இன்னா டீச்சரம்மா, தூக்கமா? தண்ணி போவுது பாரு."

ரோஜாவின் அம்மா குணசுந்தரி தன் குடத்தோடு வந்து நின்றாள். தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் இருவருக்கும் ஒரே லைனில், ஒரே வரிசையில் வீடு.

"இன்னிக்குத்தானே உனுக்கு பரீட்சை?"

"ஆமாக்கா."

"எம்.ஏ. பட்சவ, நீ இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீறே? எங்க ரோஜா பாத்துக்குவா. போன வாரம் பாடம் பூரா தூக்குன கைய எறக்கவே இல்லியாமே. வூட்ல வந்து தூக்கிக் காட்டினா. அவங்கப்பன் ஸ்கூல்ல கை தூக்குனது ஒண்ணுக்குப் போறதுக்கு மட்டுந்தான்."

குணசுந்தரி சிரித்தாள். நளினியும் சேர்ந்து சிரித்தாள். தன்னால் சிரிக்க முடிந்தது அவளுக்கே கூசியது.

தபாலில் எம்.ஏ. முடித்தபோது லைனில் எல்லோரும் வாழ்த்தினார்கள். வேலைதான் கிடைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும் என்றார்கள். தன்னில் பாதி வயதுப் பெண்களோடு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாள். மைசூர் மைன்ஸ் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ரோஜா படிக்கும் மூன்றாம் வகுப்புக்கு அவள் இன்று நடத்தப்போகும் கணக்குப் பாடத்தை வெளியிலிருந்து தேர்வாளர் வந்து பார்ப்பார். அதில் தவறினால் பட்டயம் இல்லை.

போன வாரம் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வகுப்பைப் பார்க்க வந்தபோது, அந்த வகுப்பின் ஆசிரியை அம்சவேணி ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நளினி வலது கைகளை மட்டும் பார்த்துக் கூப்பிட வேண்டும். கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தவருக்கு வகுப்பு முழுக்கக் கைகள்தான் தெரிந்தன. மெச்சிவிட்டுப் போனார்.

எல்லாக் கைகளுக்கும் மேலே ரோஜாவின் இடது கை நின்றது. கரும்பலகையின் பக்கமிருந்து பார்க்க அது அழகாகத்தான் இருந்தது. அந்த அழகில் ஒரு நிமிடம் தானே மயங்கியதுதான் நளினியை இன்றுவரை அரித்தது. அம்சவேணி மேல் பழியைப் போட்டுப் பார்த்தாள். அங்கே அது ஒட்டவில்லை.

மணி அடித்ததும் ரோஜா அவளிடம் வந்தாள்.

"மிஸ், லெஃப்ட்டு கைய எப்போ கூப்புடுவீங்க?"

"அடுத்த வாட்டி."

குழந்தை தலையாட்டிவிட்டுப் போனது. அதன் முகத்தில் சந்தேகமே இல்லை. தன் முறை வரும் என்று ரேஷன் வரிசையில் நிற்பவர்களின் முகம். அந்த வாரம் முழுக்க நளினி குணசுந்தரியின் வாசலைத் தவிர்த்து, பின்பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போனாள்.

பள்ளி வராந்தாவில் அம்சவேணி காத்திருந்தாள்.

"எக்ஸாமினர் எச்.எம். ரூம்ல காப்பி குடிக்கிறாரு. சீக்கிரம் போ, பசங்களுக்கு கைய ஞாபகப்படுத்து."

"மேடம், அது இல்லாம..."

"இல்லாம இன்னா பண்ணுவே? ரெண்டு கையி மேல வரும், மிச்சமெல்லாம் பேன் பாக்கும். நான் பாஸ் பண்ணது இப்டித்தான், எனக்கு முன்னாடி இருந்தவங்களும் இப்டித்தான். சர்டிபிகேட் கைக்கு வரட்டும். அப்பறம் வருஷம் பூரா அந்தப் புள்ளைங்களுக்கே சொல்லிக் குடு, யாரு வேணாங்கறாங்க?"

இதே சமாதானத்தை இரவெல்லாம் நளினியே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே, கேள்வி எதுவும் வராமலே, ரோஜா இடது கையைத் தூக்கிவிட்டாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இன்றைக்குத்தானே அந்த அடுத்த வாட்டி.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற அம்சவேணி தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றித் தொட்டுக் காட்டினாள். சொல்லு, சொல்லு.

நளினி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"போன வாரம் நான் சொன்னது வேணாம். தெரிஞ்சவங்க மட்டும் தூக்குங்க, எந்தக் கையா இருந்தாலும் சரி. தெரியாதவங்க தூக்க வேணாம். தெரியலேன்னு வாயால சொல்லுங்க, மிஸ் மறுபடியும் சொல்லித் தரேன்."

ரோஜாவின் கை பாதி இறங்கி நின்றது.

"எறக்கு கண்ணு. வலிக்கும்."

"நளினி, உன் எம்.ஏ. எல்லாம் இங்க எடுபடாது," என்றாள் அம்சவேணி அடிக்குரலில். "கடைசியா சொல்றேன், கைய தூக்கச் சொல்லு."

"வேணாம் மேடம்," என்றாள் நளினி, அதைவிடத் தணிந்த குரலில்.

தேர்வாளர் உள்ளே நுழைந்தபோது வகுப்பில் ஒரு கைகூட மேலே இல்லை.