கீரப்பேடு 212 கி.மீ.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு லைட் ரயில் ஓடத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில், கீரப்பேடு திருக்கழுக்குன்றத்திலிருந்து நாலு கிலோமீட்டரில் இருந்தது. அன்று சாயங்காலம் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் போய்விட்டது. ஊர் இடம் மாறவில்லை. ஏரி அங்கேயே இருந்தது, தண்ணீர்த் தொட்டி அங்கேயே இருந்தது, ரயிலில் போகிறவர்களுக்கு ஊர் மொத்தமும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே தெரிந்தது. ரோடு மட்டும்தான் நீண்டது. அன்று காலையில் ஊரை விட்டு வெளியே வந்திருந்த நாற்பத்து மூன்று பேர் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் கோதண்டராமனும் ஒருவர். இரண்டு ஏக்கர் நெல்லும் வாடகைக்கு விடுகிற ஒரு டிராக்டரும் உள்ளவர், வயது ஐம்பத்திரண்டு. மற்ற நாற்பத்திரண்டு பேரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லையே தவிர, இது அவரால் வந்தது என்றுதான் நினைத்தார்கள்.

அவரால்தான் வந்தது. கீரப்பேட்டுக்கும் பக்கத்து ஊரான சாத்தநல்லூருக்கும் பொதுவாக ஒரு ஸ்டேஷன் கட்டுவதாக முதலில் திட்டம் இருந்தது. இடம் சாத்தநல்லூர் எல்லையில் வந்தது, ஏறி இறங்கப்போகிற ஜனம் அதிகமும் கீரப்பேட்டு ஜனம். இரண்டு ஊர்ப் பேரையும் சேர்த்து வைக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எந்தப் பேர் முதலில் என்று கேள்வி வந்தது. பதினாலு மாதம் அந்தக் கேள்வியிலேயே போனது. இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் விசேஷத்துக்குப் போவதை நிறுத்தின. கோதண்டராமன் டிராக்டரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். மனுவின் கடைசி வரியை அவரே சொல்லி எழுத வைத்தார்: எங்கள் ஊர்ப் பெயர் முதலில் வராத பட்சத்தில் எங்களுக்கு இந்த நிலையமே தேவையில்லை. அதே வாரத்தில் சாத்தநல்லூர்க்காரர்களும் கிட்டத்தட்ட அதே வரியோடு ஒரு மனு கொடுத்தார்கள். ரயில் ஆபீஸில் இரண்டையும் ஒன்றாக வைத்துத் தைத்து, இரண்டிலும் கடைசி வரியைச் சிவப்பு மையில் கோடிட்டு, பொதுமக்கள் விரும்பவில்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். தூண்கள் வந்தன, தண்டவாளம் வந்தது, ஸ்டேஷன் வரவில்லை. தண்டவாளம் கோதண்டராமன் வீட்டுக் கொல்லைக்கு அறுபதடி தள்ளி, முப்பதடி உயரத்தில் போனது.

திறப்பு நாளில் டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று அறிவித்தார்கள். அந்த ரயிலில் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த கோதண்டராமன், மகள் கூப்பிட்டதும் விடியற்காலையில் பஸ் பிடித்து செங்கல்பட்டுக்குப் போனார். மகள் கீர்த்தனா பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கி பி.காம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள், அவள் அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் வந்தாள். மனைவி பூங்கொடி வரவில்லை. மாடு கன்று போடுகிற நாள், ரயில் எங்கேயும் ஓடிப்போகாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, பெரியவர்கள் பேசி முடித்து, வண்டி பதினொரு மணிக்குக் கிளம்பியது. கீரப்பேட்டைத் தாண்டும்போது பூங்கொடி கொல்லையில் நின்று முந்தானையை வீசினாள். பக்கத்தில் ஈரமாக ஒரு கன்று நின்றது. அப்பாவும் மகளும் கண்ணாடியில் கையை வைத்துச் சிரித்தார்கள். நாலு செகண்ட்தான். மாமல்லபுரத்தில் இறங்கி மீன் வறுவலோடு சாப்பிட்டார்கள், கீர்த்தனா கடலில் காலை நனைத்தாள், திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் இறங்கி முனிசாமியின் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள்.

முனிசாமி இருபது வருடமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறவர். பத்து நிமிடத்தில் வர வேண்டிய ஊர் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. இரண்டு பக்கமும் அதே வயல், அதே கருவேல மரம். ரோட்டோரக் கல்லில் கீரப்பேடு 4 என்று இருந்தது. அடுத்த கல்லில் 36, அதற்கடுத்ததில் 84. வெயில் இறங்குகிற நேரத்தில் 212 என்று எழுதியிருந்த கல்லுக்குப் பக்கத்தில் முனிசாமி வண்டியை நிறுத்தினார்.

"அண்ணாத்த, இன்னா உங்க ஊரு தள்ளிக்கினே போவுது? நான் எவ்ளோ வாங்கறது உன்கிட்ட, ஆளுக்கு இருவது ரூபாயா, ரெண்டாயிரமா?"

கோதண்டராமன் கீழே இறங்கிக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். பெயின்ட் காய்ந்து பழசாக இருந்தது. ஆட்டோவைத் திருப்பினார்கள். திருக்கழுக்குன்றம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

மறுநாள் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு ஜீப் போனது. பதினோராம் நாள் டிரைவர் தாடியோடு திரும்பி வந்து, கல்லில் நாலாயிரத்துச் சொச்சம் வரை பார்த்ததாகச் சொல்லி, டீசல் பில்லுக்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்டார். உள்ளே இருந்தவர்களும் வெளியே நடந்து பார்த்தார்கள். பூங்கொடியே இரண்டு நாள் நடந்தாள், மனசு தளர்ந்து திரும்பியபோது பத்து நிமிடத்தில் வீடு வந்தது. இதற்குக் காரணம் சொன்னவர் திருக்கழுக்குன்றத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரான சாரங்கபாணி. ரயில் ஒரு தடவை ஓடினால் ஜனங்களுக்குப் பதினாறு கிலோமீட்டர் தூரம் மிச்சமாகிறது, மிச்சமான தூரம் காற்றில் கரைந்து போகாது, எங்கேயாவது இறக்கி வைத்துத்தான் ஆக வேண்டும், ஸ்டேஷன் இருக்கிற இடத்தில் இறக்க முடியாது, வழியில் ஸ்டேஷன் இல்லாத ஊர் கீரப்பேடும் சாத்தநல்லூரும்தான் என்றார். முதல் நாள் சாயங்காலம் வரை பதின்மூன்று தடவை ஓடியது, பதின்மூன்று பதினாறு இருநூற்று எட்டு, ஏற்கெனவே இருந்த நாலைச் சேர்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டு. கணக்கு சரியாக இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. தினமும் இருபத்தெட்டு தடவை ஓடுகிற வண்டியை நடந்தோ ஜீப்பிலோ யாராலும் பிடிக்க முடியாது என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. சாத்தநல்லூருக்கும் அதே கதிதான். எந்த ஊர் அதிக தூரம் என்று கொஞ்ச நாள் இரண்டு ஊருக்கும் போனில் சண்டை நடந்தது.

போன் வேலை செய்தது. செல்போன் டவருக்குத் தூரம் தெரியவில்லை. கரண்ட் வந்தது, மழை எல்லா ஊருக்கும் பெய்தது போலப் பெய்தது. இரண்டாம் மாதம் உப்பு தீர்ந்தது, ஊரில் எல்லாரும் கொஞ்ச நாள் முகம் சுளித்துச் சாப்பிட்டு, பிறகு பழகிக்கொண்டார்கள். ஸ்டேஷன் கட்டினால் தூரம் இறங்கிவிடும் என்று சாரங்கபாணி சொன்னதால், கோதண்டராமன் ரயில் ஆபீஸுக்குப் போனார். மூடின ஃபைலைத் திறக்க வேண்டுமானால் அங்கே குடியிருக்கிறவர்களின் மனு வேண்டும், கையெழுத்து ஒரிஜினலாக இருக்க வேண்டும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றார்கள். இரண்டு ஊரும் ஒரே நாளில் ஒத்துக்கொண்டன. சாத்தநல்லூர்ப் பேரே முதலில் இருக்கட்டும் என்று கோதண்டராமன் போனில் சொன்னார். வேண்டாம், கீரப்பேடே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அறுநூற்றுப் பதினோரு கையெழுத்தோடு மனு தயாரானது. அது பூங்கொடியின் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. வெளியே வர அதற்கும் வழி இல்லை.

கோதண்டராமன் செங்கல்பட்டு ஸ்டேஷன் பார்க்கிங்கில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். மாத பாஸ் வாங்கினார். தினமும் காலை 9.12 வண்டியில், மூன்றாவது பெட்டியில் இடது பக்க ஜன்னலில் உட்காருவார். 9.26க்குக் கீரப்பேடு வரும். பூங்கொடி கொல்லையில் நிற்பாள். நாலு செகண்டில் என்னென்ன காட்ட முடியுமோ எல்லாம் காட்டுவாள். வளர்ந்த கன்று, அறுத்த நெல், ஓடு மாற்றின கூரை, ஒரு தடவை கட்டுப் போட்ட கால். பிறகு போன் வரும்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்த? நான் பூசணிக்காய தூக்கிக்கினு நிக்கறேன், நீ செல்ல நோண்டிக்கினு கீற."

"பாத்தேன்மே. பெர்சாதான் கீது."

"பாத்தியா? அது பூசணிக்காயே இல்ல, சொரக்கா."

தண்டவாளத்தைப் பராமரிக்கிற மோசஸ் என்கிற தொழிலாளி, அந்த வீட்டுக்கு நேராக வேலை வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன்னால், மனுவை வாங்கி வருவதாகச் சொல்லிக் கயிறு எடுத்துப் போனார். தூணின் உயரம் முப்பதடி. நாற்பதடிக் கயிறு பத்தவில்லை. ஸ்டோரில் இருந்த எண்ணூறு மீட்டரையும் முடிந்து இறக்கினார். கயிற்றின் நுனி பூங்கொடி தலைக்கு மேல் ஒரு முழத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஸ்டூல் போட்டு ஏறினாள். அப்போதும் ஒரு முழம். ஏணி வைத்தாள். அப்போதும் ஒரு முழம்தான். ஆறரைக்கு லைனில் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பதால் மோசஸ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். மேலே இருந்து அவர் அழுதது தெரிந்தது என்று பூங்கொடி சொன்னாள்.

மூன்று வருடம் இப்படிப் போனது. கீர்த்தனா படிப்பை முடித்து செங்கல்பட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குப் போனாள். மதுராந்தகத்தில் நெல் மண்டி வைத்திருக்கிற குடும்பத்துப் பையன் குமார் அவளைக் கேட்டு வந்தான். பெண்ணின் அம்மா இல்லாமல் தாலி கட்டுவதா என்ற பேச்சு வந்தபோது, வீடியோ காலில் பார்க்கட்டுமே என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். பூங்கொடி அன்று போனில் சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"செல்லுல பாக்கறதுக்கா பெத்தேன்? என் கண்ணெதிர்ல கட்டச் சொல்லு. நாலு செகண்டு போதும்."

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை இருந்தது. ரயிலிலேயே தாலி கட்டலாம், ஆனால் நெருப்பு மூட்டக் கூடாது, முப்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அனுமதி கொடுத்தார்கள். ஹோமத்தை செங்கல்பட்டு மண்டபத்திலேயே முடித்துவிட்டு, மாலையோடு எல்லாரும் 9.12 வண்டியில் மூன்றாவது பெட்டியில் ஏறினார்கள். நாலு செகண்டில் முடிச்சுப் போட வேண்டும் என்று குமார் ஒரு வாரமாக பைக் ஹேண்டில்பாரில் மஞ்சள் கயிற்றைக் கட்டிப் பழகியிருந்தான். வண்டியை மெதுவாக ஓட்ட முடியுமா என்று கேட்டதற்கு, எல்லாம் கம்ப்யூட்டர், எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார்கள். 9.26க்குக் கீரப்பேடு வந்தது. பூங்கொடி அரக்கு நிறப் பட்டுப் புடவையில் நின்றாள், ஊரே அவள் பின்னால் நின்றது. இரண்டு கையிலும் மஞ்சள் கலந்த அரிசி. குமார் ஒரு முடிச்சுப் போட்டான். அதற்குள் ஊர் போய்விட்டது. இரண்டாவது முடிச்சு சாத்தநல்லூர் ஏரிக்கு மேலே விழுந்தது. மூன்றாவதை அவன் அக்கா போட்டபோது வண்டி திருக்கழுக்குன்றத்துக்குள் வந்துகொண்டிருந்தது. கீர்த்தனா தலையைக் குனியவே இல்லை, முகத்தைக் கண்ணாடி பக்கமே வைத்திருந்தாள். பிறகு அம்மாவுக்கு போன் போட்டபோது, ஒரு முடிச்சைப் பார்த்துவிட்டதாகவும், கையிலிருந்து அரிசியை நன்றாகத்தான் வீசியதாகவும், அது வண்டியைப் பார்த்துப் போனதாகவும், ஆனால் கீழே ஒரு மணிகூட விழவில்லை என்றும் பூங்கொடி சொன்னாள்.

சாரங்கபாணி சொன்னார், போய்ச் சேரும், நாளாகும். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, அட்சதைக்கு என்ன வேகம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். கீர்த்தனா மதுராந்தகத்துக்குக் குடி போனாள். அவள் லீவு போட்டு ஐந்து நாள் அந்த வண்டியில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. அதற்கு மேல் ஆபீஸில் லீவு இல்லை. பூங்கொடி மட்டும் தினமும் கேட்டாள், வுழுந்துச்சா என்று. கோதண்டராமன் தினமும் இல்லை என்றார்.

கல்யாணத்திலிருந்து நாற்பத்தோராம் நாள், ஒரு புதன்கிழமை, 9.26க்கு, கண்ணாடி எல்லாம் மூடியிருந்த மூன்றாவது பெட்டிக்குள் மஞ்சள் அரிசி கொட்டியது. சத்தம் அதிகம் இல்லை. இரண்டு கை நிறைய எவ்வளவு வருமோ அவ்வளவுதான். ஒருவர் நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார், இன்னொருவர் சட்டையை உதறிக்கொண்டார். முக்கால்வாசியும் கோதண்டராமனுக்கு எதிர் சீட்டில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. இருபது வயது இருக்கும். அவள் மடியைத் தட்டிவிட்டு மறுபடி செல்லைப் பார்த்தாள். கோதண்டராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லையில் பூங்கொடி நின்றதை அன்று அவர் பார்க்கவில்லை. போன் வந்தது.

"வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு."

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

"யாரு மேல?"

"தெர்ல. யாரோ ஒரு பொண்ணு."

"நம்ம பொண்ணு வயசா?"

"அந்த வயசுதான்."

"சரி வுடு," என்றாள் பூங்கொடி. "அதுவும் நல்லா இருக்கட்டும்."

வண்டி 9.31க்கு, ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல், திருக்கழுக்குன்றத்தில் நின்றது. அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு, தலைமுடியில் ஒட்டியிருந்த இரண்டு மூன்று அரிசியோடு இறங்கிப் போனாள்.