அடிக்காத டீச்சர்

ஜீவராணி போட்ட சத்தத்தில் அன்றைக்குத் தோட்டத்து லயத்து வீடுகளே ரெண்டுபட்டன. மகள் ஷாமிலா கணக்கில் நூற்றுக்கு முப்பத்திரண்டு புள்ளி வாங்கி வந்திருக்கிறாள். வாங்கியதுதான் வாங்கினாள், "டீச்சர் ஒரு அடிகூட அடிக்கலம்மா" என்று சிரிக்க வேறு செய்கிறாள்! அடிக்காதவள் எல்லாம் ஒரு டீச்சரா? இப்படியே போனால் இவளும் தன்னைப் போலத் தேயிலைக் கொழுந்துக் கூடையைத்தானே தலையில் மாட்ட வேண்டும்?

மறுநாள் ஜீவராணி வேலைக்கு மட்டம் போட்டாள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் மிலாறுக் குச்சிகளை எல்லாரும் அடுப்பெரிக்கத்தான் பொறுக்குவார்கள். இவளோ நேரானதாக, கணு இல்லாததாக ஒன்றைத் தேடி எடுத்து, இலையை உருவிப்போட்டு, விறுவிறுவென்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும்போதுகூட அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்திருக்க மாட்டாள்.

"இந்தாங்க டீச்சர். கண்ண மட்டும் விட்டுட்டு மத்த எடத்துல போடுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

ஹட்டன் டவுனிலிருந்து வந்துபோகும் சின்ன வயசு கிருஷாந்தி டீச்சர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அடிக்கக் கூடாதுக்கா. அடின்னு சொன்னாலும் எனக்கு வராது."

"அடி விழாம படிப்பு எப்புடி ஏறும்? எங்க தம்பையா வாத்தியார் மாதிரி வருமா!"

சொன்னதோடு விட்டாளா? வகுப்பு நடுவில் நின்று நடித்தே காட்டினாள். "பெரம்ப ஓங்குனா விஸ்ஸுன்னு சத்தம் வரும். குளிருல வெரல் வெறைச்சுக் கெடக்குமா, பொறங்கைலதான் போடுவாரு. உசுரு உச்சந்தலைக்குப் போயிட்டு வரும்!"

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஷாமிலா எழுந்தாள்.

"அம்மா, அவரு என்ன பாடம் படிச்சுக் குடுத்தாரு?"

"அதா... வந்து..."

தமிழா? கணக்கா? சமயமா? வாத்தியாரின் வேட்டிக்கரை ஞாபகம் வந்தது. வெற்றிலை வாசனைகூட வந்தது. பாடம் மட்டும் வந்து தொலையவில்லை. அந்த அடிக்குப் பயந்துதானே அவள் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டாள்! ஜீவராணிக்கு முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் அழுகை முட்டியது, கடைசியில் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அட பாவி மனுசா! அப்ப அம்புட்டு அடியும் நான் சும்மாவா வாங்குனேன்?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஜீவராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஷாமிலாவைத் தள்ளி உட்காரச் சொல்லி அந்தச் சின்ன வாங்குப் பலகையில் இடம் பிடித்தாள்.

"இவ தப்பாப் போட்ட அந்தக் கணக்க இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர். நானும் கேக்குறேன்."