முன்னால் இழுத்துப் போட்ட சீட்

ரோட்டரி எஞ்சினைப் பற்றி ராஜேஷ்குமாருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அது வைத்த வண்டியை ஓட்டத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. அந்தக் குறை அவன் மனைவி வித்யாலட்சுமிக்கு மட்டும் தெரியும்.

ரோட்டரி எஞ்சின் வைத்து ஜப்பானில் செய்த ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஆசை ஆசையாக வாங்கியவன் அவன்தான். வாங்கிய முதல் வாரமே சில்க் போர்டு மேம்பாலத்து ஏற்றத்தில் நாலு முறை வண்டியை அணையவிட்டு, பின்னால் வந்த லாரி டிரைவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். மறுநாளிலிருந்து ஆபீஸ் கேபில் போக ஆரம்பித்தான். லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டே போகலாமாம். இரண்டு வருடமாக அத்திபெலேயில் இருக்கும் தன் கம்பெனிக்குத் தினமும் அந்தக் காரை ஓட்டிப் போகிறவள் வித்யா. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அந்த வண்டி அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் எண்பத்தேழு ரோட்டரி ரசிகர்கள் கொண்ட வாட்ஸப் குழுவில், 'டெய்லி டிரைவர், பெங்களூரு' என்று இருந்தது ராஜேஷின் பெயருக்குக் கீழேதான்.

இப்போது எஞ்சின் சூடானால் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தது. அடுகோடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நரேஷ், பிரித்துப் புது சீல் போட வேண்டும் என்றார். பிரிப்பதுதான் பிரிக்கிறீர்கள், போர்ட்டிங்கும் செய்துவிடலாம் என்று ராஜேஷ் குதித்தான். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற துளையை அறுத்துப் பெரிதாக்குவதுதான் போர்ட்டிங். அளவாக அறுத்தால் ஸ்ட்ரீட் போர்ட். வேகமும் கொஞ்சம் கூடும், வண்டியும் சொன்னபடி கேட்கும். பக்கத்தில் இன்னொரு துளை போட்டு, நடுவில் மெல்லிய இரும்பை மட்டும் பாலமாக விட்டால் பிரிட்ஜ் போர்ட். நிற்கும்போதே படபடவென்று வெடிக்கிற சத்தம் வரும், ரேஸ் டிராக்கில் பறக்கும். டிராஃபிக்கில் ஊர்ந்தால் குதித்துக் குதித்து அணையும்.

ராஜேஷ் குழுவில் வாக்கெடுப்பு நடத்தினான். பிரிட்ஜ் போர்ட்டுக்கு எண்பத்தொரு வாக்கு விழுந்தது. அந்த எண்பத்தொரு பேரில் ராஜேஷைத் தவிர ஒருவனிடமும் ரோட்டரி வண்டி கிடையாது. பாதிப் பேர் ஸ்கூட்டரில் போகிறவர்கள். அவர்கள் போனில் சத்தம் கேட்டு மகிழ, இங்கே ஒருத்தி தினமும் ஓசூர் ரோட்டில் கால் கடுக்க கிளட்ச் மிதிக்க வேண்டும். அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகவே கெஞ்சிப் பார்த்தபோது, புருஷன்காரன் ஒரு கிராஃபைக் காட்டினான்.

சனிக்கிழமை காலை இருவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். நரேஷ் கையில் பேனாவோடு நின்றார்.

"ஒரு வாட்டி அறுத்தா வாபஸ் ஒட்ட முடியாது சார். தொளை இருக்கற இந்தப் பிளேட்டு இங்க எங்கயும் சிக்காது. டெய்லி யாரு ஓட்டறது?"

"நான்தான்" என்றான் ராஜேஷ்.

"சீட்டு ஸ்டீரிங்க முட்டற மாதிரி முன்னாடி கெடந்துச்சு. நான் பின்னாடி தள்ளிட்டுத்தான் ஏறினேன். நீங்க என்னவிட ஒசரம் சார்."

நரேஷ் சிரிக்கக்கூட இல்லை. ரேஸ்காரர்கள் நெருங்கித்தான் உட்காருவார்கள் என்று ராஜேஷ் விளக்க ஆரம்பித்தான். நரேஷ் வித்யாவின் பக்கம் திரும்பி, காலையில் எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். பொம்மனஹள்ளி தாண்டும்வரை இரண்டாவது கியருக்கு மேல் போனதில்லை என்றாள். அப்படியென்றால் ஸ்வல்ப யோசனை பண்ணுங்கள் சார் என்றார் நரேஷ். குழுவில் சொல்லியாகிவிட்டது, பிரிட்ஜ்தான் என்றான் ராஜேஷ்.

வித்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாக அவன் பந்தாவுக்குத் தன் கால் உழைத்தது போதும் என்றிருந்தது.

"பிரிட்ஜே போடுங்க நரேஷ். இனிமே நான் கம்பெனி பஸ்ல போயிக்கறேன். டெய்லி இவரே ஓட்டட்டும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் வீம்புக்குச் சரி என்றுவிட்டால் அவளுடைய வண்டி போச்சு. ராஜேஷ் வெளியே ரோட்டைப் பார்த்தான். ஒரு தண்ணீர் லாரியும் இரண்டு பஸ்ஸும் நகராமல் நின்றன. அவன் மூக்கு நுனி வேர்த்திருந்தது.

"அந்த கிராஃப்ல டார்க் கர்வ பாத்தா... ஸ்ட்ரீட் போர்ட்தான் கரெக்ட்னு எனக்கும் தோணிச்சு."

அவன் முடிப்பதற்குள் நரேஷ் எழுதிவிட்டார்.

வீடு போய்ச் சேருமுன்பே குழுவில் செய்தி போட்டுவிட்டான். வாக்கெடுப்பெல்லாம் சரி, தினமும் ஓட்டுகிறவனுக்குத்தான் அருமை தெரியும் என்று நீளமாக எழுதியிருந்தான். கைதட்டல் படங்கள் குவிந்தன. வித்யாவும் படித்தாள்.

மூன்று வாரத்தில் வண்டி தயாரானது. ராஜேஷ் அதை ஓட்டும் வீடியோ வேண்டும் என்று குழுவில் நச்சரித்தார்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் அவன் வழக்கம்போலச் சாவியை அவளிடம் நீட்டினான். அவளே ஓட்டட்டுமாம், அவள் கை தெரியாதபடி அவன் படம் எடுத்துக்கொள்வானாம். வித்யா சாவியை வாங்கவில்லை. அவனுடைய இன்னொரு கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு, இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"சீட்ட பின்னாடி தள்ளிட்டு உக்காருங்க. குரூப்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க."