ஒன்றரை வேகத்தில் பார்த்த படம்

டொமினிக் படம் பார்க்கிறவன் என்று சொன்னால் அது குறைவு. அவன் படத்தை விழுங்குகிறவன். பேய்ப் படம், பொலிஸ் படம், காதல் படம், கண்ணீர்ப் படம், பிள்ளைகளுக்கான கார்ட்டூன், பனிக்காட்டில் கரடி துரத்துகிற வெளிநாட்டுப் படம் என்று எதையும் தள்ளிவைக்கமாட்டான். பார்த்து முடித்த கையோடு முகப்புத்தகத்தில் ஐந்து வரி எழுதுவான். ஆறாவது வரி எழுதினால் கை அழுகிவிடும் என்பது போல அந்தக் கணக்கில் மட்டும் கறாராக இருந்தான்.

பேய்ப் படம் ஒன்றுக்கு, ‘பேய் பாவம், ஒரே வீட்டுக்குள் இரண்டரை மணித்தியாலம் அலைந்து அதற்கே அலுத்துவிட்டது’ என்று எழுதினான். பொலிஸ் படத்துக்கு, ‘வில்லனைப் பிடிக்க நாலு ஜீப்பை நொறுக்கினார்கள், ஆள் பஸ்ஸில் போய்விட்டான்’ என்றான். காதல் படத்துக்கு, ‘இருவரும் சேர்ந்துவிட்டார்கள், இனித்தான் கதையே இருக்கிறது, அதை யாரும் எடுக்கமாட்டார்கள்’ என்று எழுதியதற்குத் திருகோணமலையில் பாதிப் பேர் சிரித்தார்கள். கரடிப் படத்துக்கு முதல் வரியே, ‘கரடி நன்றாக நடித்திருக்கிறது’ என்பதுதான். ஆறாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், “டொமினிக், இந்தக் கிழமை எதைப் பாக்கலாம்?” என்று கேட்க நாலு பேர் நிற்பார்கள்.

இந்த ஆறாயிரம் பேருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. டொமினிக்குக்குத் துறைமுகத்தை அண்டிய ஒரு சீமெந்துக் களஞ்சியத்தின் வாசலில் வேலை. லொறி வந்தால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே விடவேண்டும். ஒரு லொறிக்கும் அடுத்த லொறிக்கும் இடையில் போனில் படம் பார்ப்பான், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில். முன்னூறு படங்களை அப்படித்தான் ஓட்டி முடித்தான். பேய்க்கும் பொலிஸுக்கும் அதனால் ஒரு கேடும் வரவில்லை என்பதால் அது ஒரு பிழை என்றே அவனுக்குப் படவில்லை.

அப்படியிருக்கையில் மூதூரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் அன்ஸார் ஒரு படம் எடுத்தான். ஐம்பது நிமிடப் படம். மனைவிக்குச் சொல்லாமல் வள்ளத்தை விற்றுவிட்ட ஒரு மீனவனின் கதை. நடித்தவர்கள் எல்லோரும் ஊர்ச் சனம். மனைவியாக நடித்தவர் கட்டைபறிச்சானில் மீன் விற்கும் தங்கரத்தினம். கடை பூட்டிய நாட்களில் எடுத்து எடுத்து, படம் முடிய மூன்று வருடம் ஆனது. முடிந்ததும் அன்ஸார் முதல் வேலையாக டொமினிக்குக்கு அனுப்பினான்.

“அண்ணன், உங்களுக்குத்தான் முதல்ல அனுப்புறன். உள்ளத உள்ளபடி உங்கட பக்கத்தில போடுங்க. மனம் நோகுமெண்டு பாக்காதீங்க,” என்று குரல் பதிவும் வைத்திருந்தான்.

இதை மட்டும் வீட்டில் இருந்து ஒழுங்காகப் பார்ப்பதென்று டொமினிக் உண்மையாகவே நினைத்தான். நினைத்ததோடு நாலு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள், “பாத்தீங்களா அண்ணன்?” என்று அன்ஸார் கேட்டபோது வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே களஞ்சிய வாசலில் போனைத் திறந்தான். வேகம் ஒன்றரையிலேயே நின்றது. கண்டான். மாற்ற விரலையும் கொண்டுபோனான். வெளியே ஒரு லொறி கோர்ன் அடித்தது. பிறகு மாற்றலாம் என்று விட்டவன், பிறகு மாற்றவேயில்லை.

பின்னேரம் ஐந்து வரி வெளியானது. கடைசி மூன்று வரி இப்படி இருந்தது: ‘மீன் செதிள் எடுக்கும் அம்மாவின் வேகத்தைப் பார்த்தால் கொட்டியாரக் குடா மீன் முழுவதையும் அன்றைக்கே துப்பரவாக்கிவிடுவார் போலிருக்கிறது. கவலைப்படவும் நேரமில்லாத அவசரம். அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டால் படம் பிழைக்கும்.’ இருநூறு பேர் அதன் கீழே சிரிப்பு முகம் போட்டார்கள். அன்ஸார், ‘நன்றி அண்ணன்’ என்று மட்டும் எழுதினான்.

புதன்கிழமை காலை டொமினிக்கின் மனைவி கிறிஸ்டின், அன்ஸார் அனுப்பிய அதே படத்தை வீட்டு டீவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டுத் துவாயோடு வந்தவன் அலுமாரிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டான். திரையில் தங்கரத்தினம் குசினி வாசலில் இருந்து மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்தார். வள்ளம் போய்விட்டது என்று புருஷன் சொல்லி முடித்துவிட்டான். அவர் நிமிரவில்லை. முதல் மீனை முடித்தார். இரண்டாவதை எடுத்தார், முடித்தார். மூன்றாவது மீனில் கத்தி பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். வெளியே ஒரு காகம் கத்தி ஓய்ந்தது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, “சோறு போடட்டோ?” என்று கேட்டார்.

கிறிஸ்டின் கண்ணைத் துடைத்தாள். “இதைப் பாத்தோ நீங்கள் அப்பிடி எழுதினீங்கள்?”

“வேலையில பாத்தனான். வடிவாக் கவனிக்கேல்லை.”

அதுவும் முழு உண்மையில்லை என்பது அவனுக்குத் தெரியும். அறைக்குள் போய் அந்த ஐந்து வரியை அழித்தான். அன்ஸாருக்கு அழைக்கப் போனை எடுத்து, இலக்கத்தைப் பார்த்துவிட்டு வைத்தான். திரும்பவும் எடுத்தான், திரும்பவும் வைத்தான். இதைச் சொன்னால் அந்த முன்னூறையும் சொல்லவேண்டிவருமே! ஐந்து வரியைப் பார்த்து யார் என்ன செய்துவிடப்போகிறார்கள், அழித்தாயிற்று, முடிந்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். அந்தச் சமாதானம் ஞாயிறு பின்னேரம் வரைக்கும் தாங்கியது.

ஞாயிறு நாலு மணிக்குப் பாலையூற்றில் ஒரு மண்டபத்தில் படம் போட்டார்கள். கட்டைபறிச்சானில் இருந்து ஒரு வான் வந்தது. பதினெட்டுப் பேர் அதற்குள் எப்படி இருந்தார்களோ, இறங்கி முடியவே நேரம் எடுத்தது. தங்கரத்தினம் கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்து முன்வரிசை நடுக் கதிரையில் இருந்தார். பெயர் திரையில் வந்தபோது ஊர்ச் சனம் விசிலடித்தது. அவர் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தார்.

படம் ஓடியது. புருஷன் வள்ளத்தை விற்றான். வீட்டுக்கு வந்தான். வாயைத் திறந்தான். அடுத்த காட்சியில் விடிந்துவிட்டது.

“அந்த மீன் வெட்டுறது எங்க?” என்று கிறிஸ்டின் அவன் காதுக்குள் கேட்டாள். அதற்குப் பிறகு தங்கரத்தினம் திரையில் வந்தது இரண்டே இரண்டு தரம், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

விளக்குகள் போட்டதும் டொமினிக் மண்டபத்தின் பின்பக்கம் ஓடினான். அன்ஸார் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அன்ஸார், அந்தக் காட்சி?”

“வெட்டிட்டன் அண்ணன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு அதுதான் படத்திலயே பிடிச்ச இடம். மூணு நாளா யோசிச்சிட்டுத்தான் வெட்டினன். தங்கரத்தினம் அக்காவிட்டச் சொல்லத்தான் இன்னும் வாய் வரல்ல.”

டொமினிக் சொல்லிவிட்டான். லொறியையும் ஒன்றரை வேகத்தையும் முன்னூறு படங்களையும் ஒன்றும் விடாமல் சொன்னான். அன்ஸார் கையில் இருந்த வயரை மேசையில் வைத்தான்.

“அப்ப என்ர படத்த நீங்க பாக்கவே இல்ல,” என்றான். கோபத்தில் சொல்லியிருந்தால் டொமினிக்குக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “எனக்கிட்டச் சொல்லி என்ன அண்ணன்? அவவிட்டப் போய்ச் சொல்லுங்க.”

வெளியே வானைச் சுற்றி ஊர்ச் சனம் நின்றது. “எங்கயக்கா உங்கட மீன் வெட்டு? அதைப் பாக்கத்தானே வேலையையும் விட்டுப்போட்டு வந்தனாங்கள்!” என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான்தான் அதை எடுக்கச் சொன்னனான்,” என்றார் தங்கரத்தினம் சத்தமாக. “திரையில என்னைப் பெரிசாப் பாக்க எனக்குக் கூச்சமாக் கிடந்தது. அந்தப் பிள்ளை பாவம், மாட்டன் எண்டுதான் சொன்னது. நான் விடயில்ல.”

டொமினிக் பக்கத்தில் போய் நின்றான். “அம்மா, நான் டொமினிக். அந்த முகப்புத்தகத்தில...”

“தெரியும் தம்பி. மகள் வாசிச்சுக் காட்டினவள்.” அவர் இரண்டடி தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார். “அண்டைக்கிருந்து மீன் வெட்டக்குள்ள மெல்லமா வெட்டிப் பாக்கிறன். வாங்க வாற ஆக்கள் ஏசுகினம். உள்ளபடிக்கு நான் அவ்வளவு அவசரமாத்தான் வெட்டினனானோ?”

“இல்லையம்மா. பிழை என்ர. நான்தான் படத்தை வேகமா ஓட்டிப் பாத்தனான். நீங்கள் நடிச்சது... இப்பவே எல்லாருக்கும் முன்னால சொல்லுறன், நான்தான்...”

அவர் அவன் கையைப் பிடித்தார். செதிள் எடுத்துக் காய்த்துப்போன கை. “இப்ப சொல்லாதேங்கோ. நானாத்தான் எடுக்கச் சொன்னன் எண்டு இப்பதான் இவ்வளவு சனத்துக்கும் சொல்லிப்போட்டன். நீங்கள் வாயைத் திறந்தால் நான் பொய்க்காரி. வெட்டினதும் இல்லாம அந்தப் பேரும் எனக்கோ?”

டொமினிக் தலையாட்டினான். “சரியம்மா,” என்றான்.

எல்லோரும் ஏறினார்கள். கதவோரம் இருந்த ஒருவர் அவனை அடையாளம் கண்டு எட்டிப் பார்த்தார். “ஐந்து வரித் தம்பி! நீங்கள் வெட்ட முன்னமே பாத்தனீங்கள்தானே? சொல்லுங்கோ, எங்கட அக்கா எப்பிடி நடிச்சவ?”

“நல்லா நடிச்சவ,” என்றான் டொமினிக். “நான் பாத்ததுக்குள்ள ஒருத்தரும் அப்பிடி நடிக்கேல்லை.”

வான் முழுக்கச் சிரித்தது. “எழுதினது ஒண்டு, வாயால சொல்லுறது ஒண்டு! நல்ல ஆள் தம்பி நீங்கள்!” என்று பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள். தங்கரத்தினமும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையில் இருந்த பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.