பாலத்தடிப் புனிதர்

1.
இந்தக் கதை ஒரு மனுவாகத்தான் பிறந்தது. மன்னாருக்குப் போகிற வழியில் ஆற்றுப் பாலத்தின் கைபிடிச்சுவர் பதினொரு அடிக்கு இல்லை, கட்டித் தாருங்கள் என்று நான்கு முறை எழுதினேன். பதில் இல்லை. கதைக்கும் பதில் வராது. ஆனால் மூன்று பிரதி இணைக்கத் தேவையில்லை.

(யசிந்தாவை ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. ஆகவே யசிந்தா.)

2.
தொடக்கம்: ‘மாலைச் சூரியன் ஆற்றில் செந்நிறமாய்...’ வேண்டாம். அன்றைக்கு மழை. யசிந்தாவின் கணவன் பெனடிக்ற் மோட்டார் சைக்கிளோடு அந்த இடைவெளிக்குள்ளால் விழுந்து...

இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.

3.
முப்பத்தோராம் நாள் யசிந்தா அந்த இடத்தில் சிலுவை நட்டு, கணவனின் படத்தை மாட்டினாள். ஒழுங்கான படம் ஒன்றுதான் இருந்தது: பேசாலைப் பாஸ்கு நாடகத்தில், தாடியும் அங்கியுமாக, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேடத்தில். கையிலிருந்த பணப்பையை ஸ்ரூடியோவில் வெட்டிக் கொடுத்தார்கள்.

நெல் ஏற்றி வருகிறவர்கள் யூதாஸைக் கண்டார்களா? தாடி, அங்கி, சிலுவை. லொறியை நிறுத்தித் தேங்காய் உடைக்கத் தொடங்கினார்கள். (எங்கள் பள்ளிமுனை ஆட்களுக்கு ஆளைத் தெரியும். அவர்களும் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.)

4.
ஐந்தாம் மனுவோடு கந்தோருக்குப் போனாள்.

“அம்மா, அவர் அங்க நிக்கத் தொடங்கி ரெண்டு வருசம். ஒருத்தரும் விழேல்லைத்தானே? பிறகேன் சுவர்?” என்றார் அதிகாரி.

“அவரே விழுந்தவர்தானே, சேர்.”

“அதுதான் அவருக்கு அனுபவம்.”

(நம்ப முடியாத பாத்திரம் என்று இவரை வெட்டினேன். பிறகு கந்தோர் ஞாபகம் வந்தது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.)

5.
புனிதர் போனால்தான் சுவர் வரும். யசிந்தா குறட்டோடு பாலத்துக்குப் போனாள். முதல் ஆணியைப் பிடுங்கும்போது நெல் லொறிக்காரர் கதிர்காமு தேங்காயோடு இறங்கினார்.

“என்ன தங்கச்சி செய்யிறீங்கள்?”

“இவர் புனிதர் இல்லை அண்ணை. என்ர மனுசன். பிறேக் பிடிக்கிறதெண்டால் அவருக்கு வெக்கம்.”

“இவரை நம்பித்தானே நான் என்ர பிறேக்கைப் பாக்கேல்ல!”

“இண்டைக்கே பாருங்கோ.”

அவர் சிரிக்கவில்லை. “கழட்டாதேங்கோ. இவர் நிக்கிறபடியால்தான் எல்லாரும் இதில மெதுவாப் போறம்.”

6.
படம் இருந்தால் சுவர் வராது. கழற்றினால், சுவர் வரும்வரை ஒருவரும் மெதுவாகப் போகமாட்டார்கள். நான் எழுதிய ஒரு முடிவில் கழற்றினாள். நாலாம் நாள் ஒரு பிள்ளை... கிழித்தேன். மற்றதில் விட்டுவிட்டு வந்தாள். ஆறாம் மனு, ஏழாம் மனு. அதையும் கிழித்தேன்.

படம் ஒற்றை ஆணியில் சரிந்து தொங்குகிறது. மற்ற ஆணியை என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாக: மன்னார் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது.