சூரியனைக் காணவில்லை

அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் செய்திப் பிரிவு இரண்டு. ஒன்று நிஜமானது. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழந்தைகளே நடித்து வழங்கும் ‘வாண்டுச் செய்திகள்’. நிஜச் செய்தி வாசிக்கும் அம்மாளைப் போலவே கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு ஒரு சிறுமி, “மூன்றாம் வகுப்பில் இன்று ஒரு பல் விழுந்தது. பல்லின் உடல்நிலை சீராக உள்ளது” என்பாள். வானிலைக்காரப் பையன் ஒரு வீட்டின் வரைபடத்தைக் குச்சியால் தட்டி, “சமையலறையில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு. அப்பா இன்னும் பாத்திரம் தேய்க்கவில்லை” என்பான்.

செய்தி வாசிக்கும் அந்தச் சிறுமியை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்பது வயது. வாய் மூடவே மூடாது. ஒப்பனை அறையில் பவுடர் போடும்போதுகூடப் பேசிப் பேசி, பாதிப் பவுடர் வாய்க்குள் போய்விடும்.

நிகழ்ச்சியை இயக்கியவள் அவர்களுக்கெல்லாம் அக்கா. அவளுக்குப் பிள்ளைகளைச் சமாளிப்பது பெரிய வேலையாகத் தெரிந்ததில்லை. நிஜச் செய்தியின் ஆசிரியரைச் சமாளிப்பதுதான் தலைவலி. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் போதும், “என்னம்மா, இன்னைக்கு எத்தனை பல் விழுந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்.

முழுச் சூரிய கிரகணம் நகரத்துக்கு மேலேயே வரப்போகிறது என்று தெரிந்ததும் நிலையம் அமர்க்களப்பட்டது. காலையிலிருந்தே நேரலை. மலை உச்சியில் பெரிய கேமரா, ஸ்டூடியோவில் நிபுணர்கள். இருள் சூழ்வதற்குச் சற்று முன்னால் வாண்டுகளுக்கும் சில நிமிடங்கள் கொடுக்கச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டிருந்தது. ஆசிரியர் முகம் சுளித்துக்கொண்டே சம்மதித்தார்.

ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூட மைதானம். சுற்றிலும் கிரகணக் கண்ணாடி மாட்டிய பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். அக்கா ஒளிபரப்பு வண்டிக்குள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கேமராக்காரர் வெளியே. அறிவியல் டீச்சர் கையில் விசில். அவர் ஒரு தடவை ஊதினால் கண்ணாடியைக் கழற்றலாம், மறுபடி ஊதினால் உடனே மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் மட்டும் விளையாட்டே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார்.

ரேடியோ தனக்குத் தொளதொளத்த கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

“காணவில்லை. பெயர், சூரியன். நிறம், மஞ்சள். உடம்பு எப்பவும் சூடாக இருக்கும். கடைசியாகப் பார்த்தபோது நீலச் சட்டை போட்டிருந்தார். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம் என்று காவல்துறை சந்தேகிக்கிறது. அன்புள்ள சூரியனே, எங்கிருந்தாலும் உடனே வீடு திரும்பவும். இனி யாரும் உன்னை வெயில் என்று திட்ட மாட்டோம்.”

மைதானமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அடுத்து நிலாவைக் கைது செய்யும் காட்சி. வானிலைக்காரப் பையன் போலீஸ் தொப்பியோடு தயாராக நின்றான்.

அப்போதுதான் அக்காவின் காதுக்கருவியில் ஆசிரியரின் குரல் வெடித்தது.

“மலை மேல ஒரே மேகம்! ஒண்ணும் தெரியல! உங்க பக்கம் வானம் எப்படி இருக்கு?”

“பளிச்சுன்னு இருக்கு சார்.”

“உங்க படத்தையே எடுத்துக்கறேன். வேற வழியில்ல. ஆனா அந்தப் பொண்ணு வாயைத் தொறக்கக் கூடாது. மைக்கை மூடிடுங்க. ஊரே பாக்குதும்மா, மானத்தை வாங்கிடாதீங்க!”

அக்காவின் விரல் மைக் விசை மேல் போனது. அழுத்தியிருப்பாள். ஆனால் அதற்குள் திரையில் வெளிச்சம் மாறியது.

அது அந்தி வெளிச்சம் இல்லை. மஞ்சளும் சிவப்பும் இல்லாமல், வெயிலில் தண்ணீர் கலந்ததுபோல் ஒரு நிறம். மரத்தடியில் இலைச் சந்துகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக, நகத்துண்டுகளைக் கொட்டிவைத்த மாதிரி கிடந்தன. காற்று சில்லிட்டது. பறவைகள் கூட்டமாகத் திரும்பி வந்து கிளைகளில் அடைந்தன. தெருவிளக்குகள் தாமாகவே எரிந்தன. அப்புறம் மேற்கிலிருந்து ஒரு நிழல் வந்தது. கூரைகளையும் சாலையையும் ஒரே வாயில் விழுங்கிக்கொண்டு அது ஓடி வருவதை அக்கா வண்டியின் கதவு வழியே கண்ணால் பார்த்தாள். நிழல் அவர்களைக் கடந்தது.

விசில் ஊதியது.

எல்லோரும் கண்ணாடியைக் கழற்றினார்கள். சூரியன் இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். அதைச் சுற்றி வெள்ளி இழைகளாக ஒளி விரிந்து நின்றது. கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கேமராக்காரர் கேமராவை வானத்துக்குத் திருப்பிவிட்டு, அதைத் தொடாமல் இரண்டு கையையும் தொங்கவிட்டு அண்ணாந்து நின்றார்.

ரேடியோ பேசவில்லை. மைக் கையில் இருந்தது, வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தமில்லை. அவள் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. போலீஸ் தொப்பிக்காரப் பையன் நிலாவைக் கைது செய்ய மறந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

அக்கா விசையை அழுத்தவில்லை. ஏன் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். விரல் அங்கே இருப்பதே மறந்துவிட்டது என்பதுதான் உண்மை.

பிறகு நாடெங்கும் வீடுகளில் அந்தக் குரல் கேட்டது. செய்தி வாசிக்கும் குரல் இல்லை. சின்னக் குரல்.

“நான் இப்ப ஒரு ஜோக் சொல்லணும். மறந்துபோச்சு.”

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

“சூரியன் எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கு. அதுக்கு முடி இருக்கு. வெள்ளையா, நீளமா. இத்தனை நாளா நமக்குத் தெரியாம இருந்திருக்கு. பகல்லயே நட்சத்திரம் வந்திருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓரத்துல சாயங்காலமா இருக்கு. சுத்திச் சுத்திச் சாயங்காலம்.”

ரேடியோ மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இந்த ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் டிவிய விட்டுட்டு வெளிய வாங்க. ப்ளீஸ். இதுல பாக்காதீங்க. வெளிய வந்து பாருங்க. சீக்கிரம். டீச்சர் விசில் ஊதினா மட்டும் கண்ணாடி போட்டுக்கோங்க.”

தொலைக்காட்சியே தொலைக்காட்சியை விட்டுப் போகச் சொல்கிறது! தன் வேலை அன்றோடு போச்சு என்று அக்காவுக்குத் தோன்றியது. தோன்றியும் பயம் வரவில்லை. அந்த வானத்தின் கீழ் வேலை போவது ஒரு சின்ன விஷயமாகத் தெரிந்தது.

வட்டத்தின் விளிம்பில் ஒரு சொட்டு ஒளி கிளம்பியது. வைரத்தைப் போல் தெறித்தது. விசில் ஊதியது. “கண்ணாடி! எல்லாரும் கண்ணாடி!” என்று ரேடியோ கத்தினாள். அதன் பிறகுதான் கூட்டத்துக்குக் குரல் வந்தது. பெரியவர்கள் அழுதார்கள், முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள்.

அக்கா ஸ்டூடியோத் திரையைப் பார்த்தாள். படம் அங்கே திரும்பியிருந்தது. செய்தி வாசிப்பவரின் நாற்காலி காலி. நிபுணர்களின் நாற்காலிகளும் காலி. மேஜை மேல் தாள்கள் அப்படியே கிடக்க, நாடு முழுவதும் அந்தக் காலி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் செய்தி வாசிக்கும் அம்மாள் ஓடிவந்து உட்கார்ந்தார். தலை கலைந்து, கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

“மன்னிக்கணும்,” என்றார் அவர். எழுதி வைத்த தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. “எத்தனையோ கிரகணச் செய்தி வாசிச்சிருக்கேன். ஒண்ணைக்கூட வெளிய போய்ப் பார்த்ததில்ல. அந்தக் குழந்தை கூப்பிட்டாளா, போய்ட்டேன்.”

காதுக்கருவி கரகரத்தது. ஆசிரியர் திட்டப்போகிறார் என்று அக்கா காத்திருந்தாள்.

“நானும் மாடிக்குப் போய்ட்டேம்மா,” என்றார் அவர். மூச்சு வாங்கியது. “படத்தை ஸ்டூடியோவுக்கு மாத்துற பொத்தானை யாரு அமுக்கினாங்கன்னே தெரியல. எல்லாரும் மாடியிலதான் இருந்தோம். அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா சார்.”

“அவகிட்ட… சரி, நானே அங்க வரேன்.”

அக்கா வண்டியிலிருந்து இறங்கினாள். வெளிச்சம் திரும்பிக்கொண்டிருந்தது. விடிந்துவிட்டதாக நினைத்துப் பறவைகள் மறுபடி கத்தத் தொடங்கியிருந்தன. ரேடியோ மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நிகழ்ச்சியக் கெடுத்துட்டேனா?”

“இல்லடா கண்ணு.”

“இன்னொரு வாட்டி வருமா?”

“வரும். ஆனா வேற ஊர்ல, வேற நாட்டுல. இங்க வர ரொம்ப வருஷம் ஆகும்.”

ரேடியோ யோசித்தாள். “அப்ப நாம அந்த ஊருக்குப் போலாம்” என்றாள், பக்கத்துத் தெருவுக்குப் போவதைப்போல.

அக்கா அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.